விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு லேப்டாப்பில் பவர் செட்டிங்ஸ் காணவில்லையா? எங்கே போயின, எப்படித் திரும்ப வரும்

கேள்வி சுருக்கமாக இது: லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று டிஸ்க்கை முழுதாக அழித்து, விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டாயிற்று. முன்பு பவர் ஆப்ஷன்ஸில் ஹை பெர்ஃபார்மன்ஸ், பவர் சேவர் எல்லாம் இருந்தன. இப்போது பேலன்ஸ்டு மட்டும் நிற்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஸ்லீப்பும் இல்லை, ஹைபர்னேட்டும் இல்லை. சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்திருந்த வசதியும் போய்விட்டது. இவற்றைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை. ஆனால் காணாமல் போன இந்த நாலைந்து விஷயங்களும் ஒரே இடத்தில் இருந்தவை கிடையாது. சில விண்டோஸுக்குள்ளேயே மறைந்து கிடக்கின்றன. சில, சரியான டிரைவர், அதாவது ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல், வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். சில விண்டோஸுக்குச் சொந்தமே இல்லை, லேப்டாப் கம்பெனி தன் பங்குக்குச் சேர்த்துக் கொடுத்தவை. எது எந்த வகை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் உள் செட்டிங்ஸைச் சேமித்துவைக்கும் இடத்தில், போய்த் தேடும்போதுதான் பலர் இருந்ததையும் இழக்கிறார்கள்.

பவர் மெனு எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், மீதி எல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் ஏசிபிஐ என்ற ஒரு பொது விதிமுறையை வெளியிட்டன. இன்றைய லேப்டாப்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது நாம் பழக்கத்தில் பயாஸ் என்று சொல்வது, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஒரு பட்டியலை விண்டோஸிடம் கொடுக்கும். இந்த மெஷினில் பேட்டரி இருக்கிறது, மூடி இருக்கிறது, இன்னின்ன தூக்க நிலைகளுக்குப் போக முடியும் என்கிற பட்டியல் அது. அதற்கு மேல் ஒவ்வொரு டிரைவரும் தன் பங்கைச் சொல்ல வேண்டும்: "என்னால் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு உறங்கவும் முடியும், திரும்ப எழவும் முடியும்." இதில் ஒரே ஒரு டிரைவர் முடியாது என்றாலும் விண்டோஸ் அந்தத் தூக்க நிலையையே மெனுவிலிருந்து எடுத்துவிடும். மங்கலாகக்கூடக் காட்டாது, ஏன் எடுத்தது என்றும் அங்கே சொல்லாது. அதனால்தான் பார்ப்பவருக்கு யாரோ அழித்துவிட்ட மாதிரித் தெரிகிறது.

கடையிலிருந்து வரும்போது லேப்டாப்பில் இருந்த விண்டோஸ், அந்த மாடலுக்கென்றே கம்பெனி தயார் செய்தது. டிரைவர்கள், அவர்களுடைய பவர் பிளான் (பேலன்ஸ்டு, பவர் சேவர் மாதிரியான செட்டிங்ஸ் தொகுப்பு), சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஆப் எல்லாம் அதில் சேர்ந்தே வந்தன. நீங்கள் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் பென்டிரைவில் போட்டது எல்லா மெஷினுக்கும் பொதுவான விண்டோஸ். உங்கள் மெஷினைப் பற்றி அதற்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், விண்டோஸ் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அதையே கேட்டுவிடுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் டெர்மினல், அட்மின் என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்து பவர்சிஎஃப்ஜி /ஏ என்று கொடுங்கள். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் அதுதான் பெயர். அப்புறம் ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, ஏ.

வரும் பதில் இரண்டு பகுதியாக இருக்கும். மேலே, இந்த மெஷினில் கிடைக்கிற தூக்க நிலைகள். கீழே, கிடைக்காதவையும் ஒவ்வொன்றுக்கும் காரணமும். அந்தக் காரணத்தைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். எஸ்3 என்பது பழைய வகை ஸ்லீப். நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். எஸ்4 என்பது ஹைபர்னேட், நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் முழுதாக அணைந்துவிடும். எஸ்0 லோ பவர் ஐடில் என்று இருந்தால் உங்களுடையது மாடர்ன் ஸ்டாண்ட்பை வகை, அதாவது ஃபோன் மாதிரி: திரை அணைந்திருந்தாலும் உள்ளே மெஷின் அரைத்தூக்கத்தில் இருக்கும். அண்மை ஆண்டுகளில் வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான்.

எல்லாத் தூக்க நிலைகளையும் கீழ்ப்பகுதியில் போட்டு, ஓர் உள் பாகம் இதை முடக்கிவைத்திருக்கிறது என்ற பொருளில் ஒரு வரியும் அதற்கடியில் கிராஃபிக்ஸ் என்ற சொல்லும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸில் ஸ்லீப் காணாமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். சரியான கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாதபோது விண்டோஸ், மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற தற்காலிக டிரைவரை வைத்துப் படத்தைக் காட்டுகிறது. அதற்குப் படம் காட்டத் தெரியும், உறங்கி எழத் தெரியாது. ஆகவே ஸ்லீப் மொத்தமாக மறைந்துவிடும். கூடவே திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையும் வேலை செய்யாது. இந்த இரண்டும் சேர்ந்து போயிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். கிராஃபிக்ஸ் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் இரண்டும் சேர்ந்தே திரும்பி வரும்.

சரி, டிரைவர்களுக்கு வருவோம். பிழைத்திருத்தத்தில் முக்கால்வாசி இங்கேதான். மெஷினின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் போட்ட அன்னோன் டிவைஸ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பக்கம் போய், ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெயர் தெரியும். அது ஏசிபிஐ என்று தொடங்கினால் பவர் சம்பந்தப்பட்ட டிவைஸாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐஎன்டி3400 என்று இருந்தால் இன்டெல் டைனமிக் டியூனிங் டிரைவர் வரவில்லை. சூட்டையும் பிராசஸர் எடுக்கும் மின்சாரத்தையும் பார்த்துக்கொள்வது அது. விபிசி2004 என்று இருந்தால் லெனோவோ எனர்ஜி மேனேஜ்மென்ட் டிரைவர் வரவில்லை. இந்த மாதிரி ஒரு முக்கோணத்தை "லேப்டாப் ஓடுகிறதே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். நீங்கள் தேடும் சார்ஜ் கட்டுப்பாடு பல நேரம் அந்த ஒரு முக்கோணத்துக்குப் பின்னால்தான் இருக்கும்.

டிரைவர்களை எந்த வரிசையில் போடுவது என்பதிலும் நான் கொஞ்சம் கண்டிப்பு. அடிப்பகுதி ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் பெயர், சீரியல் எண் இரண்டையும் குறித்துக்கொண்டு, லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்து அங்கிருந்தே இறக்குங்கள். ஒரே பெயரில் வரும் மாடலுக்குள்ளேயே இன்டெல் வகை, ஏஎம்டி வகை என்று இருக்கும், பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தவறானது கையில் வரும். முதலில் பயாஸ் அப்டேட் இருந்தால் அதைச் செய்யுங்கள், சார்ஜர் இணைந்திருக்கட்டும். அடுத்து சிப்செட், அதாவது மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்புகளுக்கான டிரைவர். பிறகு இன்டெல் மெஷின் என்றால் மேனேஜ்மென்ட் எஞ்சின், டைனமிக் டியூனிங். அதன் பின் கிராஃபிக்ஸ். அப்புறம் கம்பெனியின் எனர்ஜி, பவர், ஹாட்கீ என்ற பெயர்களில் வரும் சின்னச் சின்ன டிரைவர்கள். இவற்றுக்கு எல்லாம் கடைசியில்தான் கம்பெனியின் ஆப். ஏஎம்டி மெஷினில் சிப்செட் தொகுப்பை ஒருபோதும் தவறவிட வேண்டாம், பவர் மேலாண்மைக்கான டிரைவர்கள் அதற்குள்தான் இருக்கின்றன. நடுநடுவே ரீஸ்டார்ட் கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். "எல்லாம் முடிந்தபின் ஒரேயடியாக" என்று தள்ளிவைத்தால் அடுத்த டிரைவர், முந்தையது இன்னும் முழுதாக எழாத நிலையில் போய் உட்காரும்.

வைஃபை டிரைவரே இல்லாமல் இணையத்துக்குப் போக முடியவில்லை என்றால், ஆண்ட்ராய்டு ஃபோனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் தனியாக டிரைவர் எதுவும் கேட்காமலே இணையம் வந்துவிடும். விண்டோஸ் அப்டேட்டை முழுதாக ஓடவிட்ட பிறகு, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்தையும் பாருங்கள். தானாக வராத டிரைவர்கள் அங்கே காத்துக் கிடக்கும்.

இனி அந்த பேலன்ஸ்டு விஷயம். கேட்பவர்கள் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான், ஆனால் இதில் பெரும்பாலும் எந்தக் கோளாறும் இல்லை. மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள மெஷினில் விண்டோஸ் பேலன்ஸ்டு பிளானை மட்டும்தான் காட்டும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வேகமா, பேட்டரியா என்று தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிளானிலிருந்து எடுத்து, பவர் மோட் என்ற வேறொரு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் & பேட்டரி, அங்கே பவர் மோட். பெஸ்ட் பவர் எஃபிஷியன்ஸி, பேலன்ஸ்டு, பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று இருக்கும். பழைய ஹை பெர்ஃபார்மன்ஸ் செய்த வேலையை ஏறக்குறைய இந்த மூன்றாவது செய்துவிடுகிறது, அதுவும் மெஷின் சும்மா இருக்கும்போது பேட்டரியை வீணாக்காமல்.

இங்கே ஒரு சிக்கல் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். பவர் மோட் வேலை செய்ய வேண்டுமானால் உள்ளே ஓடும் பிளான் பேலன்ஸ்டாகவோ அதை ஒட்டி உருவாக்கியதாகவோ இருக்க வேண்டும். யாராவது ஹை பெர்ஃபார்மன்ஸைக் கொண்டுவந்து தேர்ந்தெடுத்துவிட்டால் பவர் மோடை மாற்றவே முடியாது என்று விண்டோஸ் சொல்லிவிடும். ஒன்றைத் தேடிப்போய் இன்னொன்றைத் தொலைத்த கதை. கன்ட்ரோல் பேனலில் பேலன்ஸ்டுக்குத் திரும்பினால் அது சரியாகிவிடும்.

மாடர்ன் ஸ்டாண்ட்பை இல்லாத, எஸ்3 உள்ள பழைய மெஷினில் பிளான்கள் காணாமல் போயிருந்தால் கதை வேறு. அங்கே மூன்றும் இருக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஷோ அடிஷனல் பிளான்ஸ் என்ற சின்ன அம்புக்குறியை முதலில் அழுத்திப் பாருங்கள், பலருக்கு அதோடு முடிந்துவிடும். இல்லையென்றால் பவர்சிஎஃப்ஜி -ரீஸ்டோர்டிஃபால்ட்ஸ்கீம்ஸ் என்று கொடுங்கள். ரீஸ்டோர், டிஃபால்ட், ஸ்கீம்ஸ் மூன்று சொல்லும் ஒட்டி வர வேண்டும். இது மைக்ரோசாஃப்டின் பிளான்களை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் நீங்களோ கம்பெனியோ உருவாக்கிய பிளான்கள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் அவற்றை அழித்துவிடும். புதிதாகப் போட்ட விண்டோஸில் இழக்க ஒன்றும் இருக்காது, ஆறு மாதம் கழித்துச் செய்வதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

ஒரே ஒரு பிளான் மட்டும் வேண்டும் என்றால் பவர்சிஎஃப்ஜி -டூப்ளிகேட்ஸ்கீம் என்று கொடுத்து, பிறகு ஸ்கீம்_மின் என்று எழுதலாம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மின் என்பது இங்கே மினிமம், மிகக் குறைந்த மின்சார சேமிப்பு என்ற பொருளில் வைத்தது, அதாவது அதுதான் ஹை பெர்ஃபார்மன்ஸ். ஸ்கீம்_மேக்ஸ் என்பதுதான் பவர் சேவர். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, வேகம் வேண்டும் என்று மேக்ஸைப் போட்டு, லேப்டாப் இன்னும் மந்தமாகிவிட்டது என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அல்டிமேட் பெர்ஃபார்மன்ஸ் என்று ஒன்றையும் இணையத்தில் புகழ்ந்து எழுதுகிறார்கள். அது 2018-இல் ஒர்க்ஸ்டேஷன்களுக்கான விண்டோஸ் பதிப்பில் வந்தது. பேட்டரியில் ஓடும் மெஷினுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹைபர்னேட் இல்லாமல் போனதற்குக் காரணம் எளிது, தீர்வும் எளிது. பவர்சிஎஃப்ஜி /எச் ஆன். இதைக் கொடுத்ததும் சி டிரைவில் ஹைபர்ஃபில் என்ற மறைவான கோப்பு உருவாகும். அணையும்போது நினைவகத்தில் இருப்பதை எல்லாம் விண்டோஸ் அங்கேதான் எழுதிவைக்கும். சில மெஷினில் இந்தக் கோப்பு சின்ன வகையில் உருவாகியிருக்கும், மொத்த நினைவகத்தில் 20 சதவீதம் அளவுக்கு. மெஷின் சீக்கிரம் பூட் ஆக உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு அது போதும், முழு ஹைபர்னேட்டுக்குப் போதாது. அப்போது பவர்சிஎஃப்ஜி /எச் /டைப் ஃபுல் என்று கொடுத்தால் 40 சதவீதமாக விரிந்து, ஹைபர்னேட் கிடைக்கும். டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டளையைக் கொடுத்த பிறகும் ஸ்டார்ட் மெனுவில் அது தெரியாது, இன்னொரு படி பாக்கி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இடப்பக்கம், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வரி ஒன்று உண்டு. அதற்குள் கீழே ஷட்டவுன் செட்டிங்ஸ் மங்கலாக இருக்கும். மேலே, தற்போது கிடைக்காத செட்டிங்ஸை மாற்று என்ற பொருளில் கேடயப் படம் போட்ட ஓர் இணைப்பு இருக்கிறது பாருங்கள், அதைத் தொட்டால் மங்கல் விலகும். ஹைபர்னேட்டுக்கு டிக் போட்டுச் சேமியுங்கள். மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்பதும் இதே பக்கத்தில்தான்.

அந்த மூடி விருப்பம் அட்வான்ஸ்டு பட்டியலில் இல்லாமல் போனால், அல்லது பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டுக்குள் பிராசஸர் வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டும் டர்போ பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வரி இல்லாமல் போனால், அவை நான் முதலில் சொன்ன முதல் வகை: விண்டோஸுக்குள்ளேயே மறைந்திருப்பவை. ஒவ்வொரு பவர் செட்டிங்குக்கும் காட்டு, மறை என்று ஒரு குறி உண்டு. அதைத் திருப்ப ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கவே வேண்டாம். பவர்சிஎஃப்ஜி -ஆட்ரிபியூட்ஸ் என்று தொடங்கி, இடம் விட்டு சப்_பட்டன்ஸ், இடம் விட்டு லிட்ஆக்‌ஷன், இடம் விட்டு -ஆட்ரிப்_ஹைட் என்று முடித்தால் மூடி விருப்பம் வெளியே வரும். ஹைட் என்ற சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதைக் கவனியுங்கள். மறைப்பை எடு என்று பொருள். பூஸ்ட்டுக்கு சப்_பிராசஸர், அதன் பின் பெர்ஃப்பூஸ்ட்மோட். இதில் ஆபத்து எதுவும் இல்லை, கழித்தலுக்குப் பதில் கூட்டல் போட்டால் பழையபடி மறைந்துவிடும். சரியான எழுத்துக்கூட்டல் வேண்டுமானால் பவர்சிஎஃப்ஜி /ஏலியாஸஸ் என்று கேளுங்கள், எல்லாப் பெயர்களையும் அதுவே பட்டியலாகக் கொடுத்துவிடும்.

ஆனால் ஒரு ரெஜிஸ்ட்ரி மாற்றத்தைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. பிளாட்ஃபார்ம்ஏஓஏசிஓவர்ரைட் என்று ஒரு மதிப்பை உருவாக்கி 0 என்று வைத்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை அணைந்து பழைய எஸ்3 ஸ்லீப்பும் எல்லாப் பிளான்களும் வந்துவிடும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைத்தான் செய்தார். பிளான்கள் வந்தன, அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அன்று மாலை மூடியை மூடிப் பையில் வைத்தவர், இரவு எடுத்தபோது லேப்டாப் தொட முடியாத சூட்டில் இருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரி அடிமட்டத்தில். நடந்தது என்னவென்றால், அந்த மெஷினின் ஃபர்ம்வேரில் எஸ்3 என்பதே கிடையாது. இருந்த ஒரே தூக்க நிலையை அவர் அணைத்துவிட்டார், அதனால் மூடியை மூடினாலும் மெஷின் விழித்தே இருந்தது. பார்த்ததும் எனக்குப் பதைபதைத்தது. அடைத்த பைக்குள் லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டில் இருப்பது விளையாட்டு இல்லை. அந்த மதிப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்தோம், ஸ்லீப் திரும்பி வந்தது.

ஆகவே அதைத் தொடுவதற்கு முன் பவர்சிஎஃப்ஜி /ஏ கொடுத்த பதிலில் எஸ்3-க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஃபர்ம்வேர் ஆதரிக்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் கதவு மூடியாயிற்று, எந்த ரெஜிஸ்ட்ரி மாற்றமும் அதைத் திறக்காது. எஸ்0 இருப்பதால் அணைத்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் இருந்தால் எஸ்3 உள்ளே இருக்க வாய்ப்புண்டு. சில லேப்டாப்களில் பயாஸுக்குள்ளேயே ஸ்லீப் ஸ்டேட் என்று ஒரு தேர்வு கொடுத்திருப்பார்கள். அங்கே மாற்றுவதே முறையான வழி. இன்னொன்று, சிஎஸ்எனேபிள்டு என்ற மதிப்பை மாற்றச் சொல்லும் பழைய குறிப்புகளும் உலவுகின்றன. விண்டோஸ் 10-இன் 2004 என்ற பதிப்போடு அதன் காலம் முடிந்துவிட்டது.

சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துவது மூன்றாம் வகை. இதைச் செய்வது விண்டோஸ் இல்லை, மதர்போர்டில் இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப். அதனிடம் பேசுவதற்குக் கம்பெனியின் டிரைவர் வேண்டும், டிரைவருக்கு மேல் கம்பெனியின் ஆப். லெனோவோவில் வான்டேஜ், அதற்குள் கன்சர்வேஷன் மோட் அல்லது சார்ஜ் த்ரெஷோல்டு. ஆசுஸில் மைஆசுஸ், அதற்கு அடியில் ஆசுஸ் சிஸ்டம் கன்ட்ரோல் இன்டர்ஃபேஸ் டிரைவர் இருந்தாக வேண்டும். டெல்லில் ஆப்பும் உண்டு, பயாஸிலேயே பேட்டரி சார்ஜ் கான்ஃபிகரேஷன் என்ற இடமும் உண்டு. எச்பியின் அலுவலக மாடல்களில் பேட்டரி ஹெல்த் மேனேஜர் பயாஸுக்குள் இருக்கும். பயாஸில் இருந்தால் எனக்கு அதுதான் பிடிக்கும், எத்தனை முறை விண்டோஸை மாற்றினாலும் அது அசையாது.

ஸ்டோரிலிருந்து ஆப்பைப் போட்டாயிற்று, திறந்தால் பேட்டரி பகுதியே இல்லை என்று பலர் சொல்வார்கள். ஆப் கெட்டுப்போகவில்லை. அடியில் டிரைவர் இல்லாததால் அதற்குப் பேச ஆள் இல்லை. மேலே சொன்ன மஞ்சள் முக்கோணத்துக்குத் திரும்பிப் போங்கள். இதன் மறுபக்கமும் நடக்கும்: பல மாடல்களில் அந்த வரம்பு சிப்பிலேயே பதிந்திருக்கும். விண்டோஸை அழித்தாலும் அது போகாது. புது விண்டோஸில் சார்ஜ் 60 அல்லது 80-இல் நின்றுவிடுகிறது, பேட்டரி போய்விட்டதோ என்று பயந்துவிடுவார்கள். பேட்டரி வாங்கக் கிளம்புவதற்கு முன் ஆப்பையும் டிரைவரையும் போட்டு வரம்பை எடுத்துப் பாருங்கள். எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவராக இருந்தால் அந்த வரம்பை எடுக்காமலே விடலாம். லித்தியம் அயன் பேட்டரி முழுச் சார்ஜில் சூட்டோடு நாள்கணக்கில் நின்றால் சீக்கிரம் வயதாகிவிடும்.

பேட்டரி படமே டாஸ்க்பாரில் இல்லை, செட்டிங்ஸிலும் தலைப்பு பவர் என்று மட்டும் இருக்கிறது, பேட்டரி என்ற சொல்லே இல்லை என்றால் விண்டோஸ் உங்கள் லேப்டாப்பை டெஸ்க்டாப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் என்பதற்குக் கீழே மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி இருக்க வேண்டும். இருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்து, ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ் கொடுங்கள், தானாகத் திரும்ப வரும். பயாஸிலும் பேட்டரி தெரியவில்லை என்றால் அது மென்பொருளின் பிரச்சினை இல்லை, கழற்றிப் பார்க்க வேண்டியது.

அலுவலக அக்கவுன்ட்டில் லாகின் செய்த பிறகுதான் மெனு சுருங்கியது என்றால், அது நிறுவனத்தின் பாலிசி. அதை ஐடி பிரிவில்தான் கேட்க வேண்டும், சுற்றுவழி தேட வேண்டாம்.

லினக்ஸ் போட்டவர்களுக்கும் இதே நியாயம்தான். சிலருக்குப் பெர்ஃபார்மன்ஸ் என்ற தேர்வே வராது, பேலன்ஸ்டும் பவர் சேவரும் மட்டும் இருக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலும் ஃபர்ம்வேரும் அதற்கு வழி கொடுத்தால்தான் அது காட்டும்.

எல்லாம் திரும்பி வந்ததும் சோதித்துப் பாருங்கள். பேட்டரியில் வைத்து மூடியை மூடி ஓர் இரவு விடுங்கள், பையில் வேண்டாம், மேசை மேல். காலையில் பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி கொடுத்தால் கடந்த 3 நாள் தூக்கத்தையும், எது எழுப்பியது, எவ்வளவு சார்ஜ் இறங்கியது என்பதையும் பிரவுசரில் திறக்கும் அறிக்கையாகக் கொடுக்கும். பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட் இன்னொரு அறிக்கை தரும். அதில் பேட்டரி புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போது முழுச் சார்ஜில் பிடிப்பதும் அருகருகே இருக்கும். ஸ்லீப்புக்கே போகாமல் அடம்பிடித்தால் பவர்சிஎஃப்ஜி /ரிக்வெஸ்ட்ஸ், எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

அடுத்த முறைக்காக, இப்போதே ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பென்டிரைவில் டிரைவர்ஸ் என்று ஃபோல்டர் உருவாக்கி, பிஎன்பியூடில் (பி, என், பி, யூ, டி, ஐ, எல் ஒட்டி வர வேண்டும்) /எக்ஸ்போர்ட்-டிரைவர் என்று கொடுத்து, நட்சத்திரக் குறி போட்டு, அந்த ஃபோல்டரின் முகவரியை எழுதினால், விண்டோஸோடு வந்தவை தவிர மற்ற டிரைவர்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். மறுபடி விண்டோஸ் போடும்போது டிவைஸ் மேனேஜரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். பவர் பிளானையும் பவர்சிஎஃப்ஜி /எக்ஸ்போர்ட் மூலம் ஒரு கோப்பாக எடுத்து வைக்கலாம். பிளானின் நீண்ட எண்ணை பவர்சிஎஃப்ஜி /லிஸ்ட் காட்டும், திரும்பப் போட /இம்போர்ட்.

இவ்வளவும் செய்த பிறகும் ஏதாவது ஒன்று வரவில்லை என்றால், லேப்டாப்பின் முழு மாடல் பெயர், பவர்சிஎஃப்ஜி /ஏ கொடுத்த பதில் அப்படியே, டிவைஸ் மேனேஜரில் முக்கோணம் போட்டவற்றின் ஹார்டுவேர் ஐடி, இந்த மூன்றையும் எழுதுங்கள். எந்த டிரைவர் விட்டுப்போயிருக்கிறது என்பதை அதை வைத்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.